பழைய ரவுட்டரின் வேகக் கட்டுப்பாட்டைச் சரிசெய்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

மரவேலை ரவுட்டரின் டயலைத் திருப்பியும் வேகம் மாறவில்லை, ஒரே எண்ணில் வைத்திருந்தும் மோட்டார் ஏறி இறங்கி ஓடுகிறது, அல்லது சுவிட்சைப் போட்டதுமே முழு வேகத்தில் சீறிக் கிளம்புகிறது என்றால், உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல ஆண்டுகள் உழைத்த இயந்திரங்களில் இதே அறிகுறிகளுக்குத் தேய்ந்த கார்பன் பிரஷ், அழுக்கேறிய டயல், தளர்ந்த காந்த வளையம் ஆகியவையும் காரணமாக இருக்கின்றன. பழைய மாடல்களுக்குப் பலகை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். எனவே இங்கே எளிதில் சோதிக்கக்கூடிய, விலை குறைந்த பாகங்களில் தொடங்கிப் பலகைக்குக் கடைசியாக வருகிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது பணத்தையும் நேரத்தையும் காக்கும்.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டு மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து, "இனி ஒரே வேகத்தில் ஓடட்டும்" என்று இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இது ஆபத்தானது. 75 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிட் (ரவுட்டரில் மாட்டும் வெட்டும் அலகு) நிமிடத்திற்கு 22,000 சுற்று சுழன்றால், அதன் வெட்டும் முனை நொடிக்கு ஏறக்குறைய 86 மீட்டர், அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நகர்கிறது. அதே பிட் 10,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 39 மீட்டர்தான். 25 மி.மீ. வரையுள்ள சிறிய பிட்டுகள் முழு வேகத்தைத் தாங்கும். பெரியவற்றுக்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே வேகக் கட்டுப்பாடு என்பது வசதிக்காக வைத்த டயல் மட்டுமன்று, பாதுகாப்புக்கான பாகமும் ஆகும். அதை அந்த எண்ணத்தோடுதான் பழுது பார்க்க வேண்டும்.

வேகம் எப்படிக் கட்டுப்படுகிறது

ரவுட்டரில் இருப்பது யூனிவர்சல் மோட்டார். ஃபீல்டு காயிலும் (அசையாமல் நிற்கும் கம்பிச்சுருள்) ஆர்மேச்சரும் (சுழலும் பகுதி) ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, கார்பன் பிரஷ்கள் வழியாக மின்சாரம் ஓடும். வீட்டு மிக்சியில் உள்ளதும் இதே வகைதான் என்பதால், கார்பன் மாற்றுவதும் ஆர்மேச்சர் சுற்றுவதும் மிக்சி பழுது பார்ப்பவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் மிக்சியில் பெரும்பாலும் காயிலின் இணைப்பை மாற்றி வேகத்தை மாற்றுகிறார்கள். ரவுட்டரில் அந்த வேலையை டிரையாக் என்ற மின்னணுப் பாகம் செய்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லிநொடி நீளும். அந்த 10 மில்லிநொடிக்குள் டிரையாக் எந்தக் கணத்தில் திறக்கிறது என்பதைப் பொறுத்து மோட்டாருக்குக் கிடைக்கும் சக்தி கூடும், குறையும். டயல் மாற்றுவது இந்தக் கணத்தைத்தான்.

இதில் எளிய வகையும் உண்டு, சற்றுச் சிக்கலான வகையும் உண்டு. எளிய வகையில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (டயலால் மாறும் மின்தடை), ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி), ஏறத்தாழ 32 வோல்ட்டில் திறந்து டிரையாக்கைத் தூண்டும் ஒரு டயாக், ஒரு டிரையாக் ஆகியவையே முக்கியமான பாகங்கள். மரத்தில் பிட் இறங்கியதும் வேகம் தொய்ந்துவிடும். அடுத்த வகை சுமைக்கேற்பத் தானே சக்தியைக் கூட்டிக்கொண்டு வேகத்தை நிலையாக வைத்திருக்கும். அதற்காகச் சில பலகைகள் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கின்றன. வேறு சில, ஆர்மேச்சர் தண்டின் முனையில் ஒட்டிய காந்த வளையத்தையும் அதன் எதிரே வைத்த சிறு உணரியையும் கொண்டு சுழற்சியையே எண்ணுகின்றன. உங்கள் இயந்திரம் மெல்லக் கிளம்பி வேகம் பிடிக்கும் வகையா, மரத்தில் அழுத்தியபோதும் வேகத்தை விடாமல் ஓடிய வகையா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது அநேகமாக நிலைவேக வகை; உணரியையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மோட்டாரின் இன்னொரு குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். சுமையில்லாமல் விட்டால் இது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக நிற்காது. காற்றாடியும் உராய்வும் தடுக்கும் வரை ஏறிக்கொண்டே போகும். நிலைவேக இயந்திரங்களில், சுமை வரும்போது கூட்டிக் கொடுக்கச் சக்தி கையிருப்பில் வேண்டும் என்பதற்காக, முழு மின்னழுத்தத்தில் பெயர்ப்பலகையில் எழுதியதைவிட வேகமாக ஓடக்கூடிய மோட்டாரை வைப்பதுண்டு. நேரடி இணைப்பு ஏன் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

கழற்றும் முன்

பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். பிட்டையும், அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டையும் கழற்றி எடுத்துவிடுங்கள். சோதனை முடியும் வரை அவை திரும்ப ஏறக் கூடாது. ரவுட்டர் பலகையில் மின்மாற்றி கிடையாது. சிறிய டயலின் கம்பிகள்கூட 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. எனவே இயந்திரத்தின் உடல் திறந்திருக்கும்போது மின்சாரம் கொடுத்து அளக்கும் வேலையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். இக்கட்டுரையில் உள்ள எல்லா அளவீடுகளும் பிளக் பிடுங்கிய நிலையில் செய்யக்கூடியவை. இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டுமே மின்சாரம் தேவை. அப்போது உடல் மூடியிருக்க வேண்டும், அந்தப் பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பு இருக்க வேண்டும்.

கருவிகளாக ஒரு மல்டிமீட்டர், பொருத்தமான ஸ்க்ரூ டிரைவர்கள், மென்தூரிகை, கான்டாக்ட் கிளீனர், 400 எண் சாண்ட்பேப்பர், சால்டரிங் அயர்ன் ஆகியவை போதும். ஒவ்வொரு மூடியைத் திறந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் எந்தப் பள்ளத்தில் படிந்து ஓடுகின்றன என்பது தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.

வரிசையாகச் சோதித்தல்

முதலில் மின்கம்பியும் சுவிட்சும். கம்பி உடலுக்குள் நுழையும் ரப்பர் உறையின் அருகே உள்ளேயே அறுந்திருப்பது பழைய இயந்திரங்களில் சாதாரணம். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்து, பிளக் முனையிலும் சுவிட்ச் நுழைவாயிலும் தொட்டுக்கொண்டு, கம்பியை வளைத்துப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் அங்கிருந்து வெட்டி மீண்டும் இணைக்க வேண்டும். சுவிட்சையும் இவ்வாறே பலமுறை போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். எம்டிஎஃப் பலகையின் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நுண்தூள் சுவிட்சுக்குள் புகுந்து தொடுமுனைகளைக் கெடுத்திருந்தால், மோட்டார் துடித்துத் துடித்து ஓடும். அது வேகக் கட்டுப்பாட்டின் பிழைபோலவே தோன்றும்.

அடுத்து கார்பன் பிரஷ்கள். மோட்டாரின் மேல்மூடியையோ ஆர்மேச்சரையோ இழுப்பதற்கு முன் பிரஷ்களை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மேச்சர் வெளியே வரும்போது ஸ்பிரிங் அழுத்தத்தால் பிரஷ் உள்ளே துருத்தி, திரும்பப் பொருத்தும்போது அதன் விளிம்பு உடைந்துவிடும். எடுத்த பிரஷ்ஷை விரல்களுக்கிடையே வைத்து நன்றாகப் பாருங்கள். கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சரின் முனையில் உள்ள செப்புத் தகடுகளின் வளையம்) உரசும் முகம் வளைவாகவும் பளபளப்பாகவும் இருந்தால் நல்லது. கரடுமுரடாகவோ, ஒரு மூலை கருகியோ, விளிம்பு சிதைந்தோ இருந்தால் அது சரியாக அமர்ந்து ஓடவில்லை. நீளம் 6 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சில பிரஷ்களுக்குள் ஒரு சிறிய மின்கடத்தா முள் இருக்கும். பிரஷ் தேய்ந்ததும் அது வெளியே தள்ளி மோட்டாரை நிறுத்திவிடும். இயந்திரம் செத்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த ரவுட்டருக்கு ஒரு ஜோடி புது பிரஷ்ஷே போதுமானதாக இருப்பதுண்டு.

பிரஷ் அதன் கூட்டுக்குள் தடையின்றி நழுவ வேண்டும். கார்பன் தூளும் மரத்தூளும் சேர்ந்து கெட்டியாகிப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டால், அது கம்யூட்டேட்டரை விட்டுவிட்டுத் தொடும். மின்னோட்டம் விட்டுவிட்டு ஓடும். நிலைவேகப் பலகை அதைச் சுமை மாற்றம் என்று எடுத்துக்கொண்டு வேகத்தை ஏற்றி இறக்கும். பிரஷ்களை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தால் போதும் என்று வேறு இயந்திரத்தின் கார்பனைத் தேய்த்துப் போடுவதை நான் ஏற்பதில்லை. 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் மோட்டாருக்கு அதற்கென்று செய்த தரம் வேண்டும். பழைய பிரஷ்ஷின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடையில் காட்டி வாங்குங்கள்.

பிரஷ்ஷுக்கு அடுத்தபடி கம்யூட்டேட்டர். சீரான பழுப்பு நிறம் நலமான அறிகுறி. ஒன்றுக்கொன்று எதிரெதிரே உள்ள தகடுகள் மட்டும் கருத்திருந்தால், ஆர்மேச்சரில் ஒரு சுற்று அறுந்திருக்கலாம். மீட்டரின் மிகக் குறைந்த ஓம் அளவில், அடுத்தடுத்த தகடுகளை இரண்டிரண்டாகத் தொட்டு ஒரு முழுச் சுற்று வாருங்கள்; எல்லா அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கூடினாலோ குறைந்தாலோ ஆர்மேச்சர் கெட்டுவிட்டது என்று பொருள். வேகப் பலகையை மாற்றிப் பயனில்லை. வெறும் அழுக்கு என்றால் 400 எண் சாண்ட்பேப்பரால் மெல்லத் துடையுங்கள். எமரி தாளைப் பயன்படுத்தக் கூடாது. அதன் துகள்கள் மின்சாரம் கடத்தக்கூடியவை, தகடுகளுக்கிடையே தங்கி ஷார்ட் ஏற்படுத்தும்.

காந்த வளையமும் உணரியும்

சுழற்சியை எண்ணும் வகை இயந்திரமாக இருந்தால், பலகையைத் தொடுவதற்கு முன் இங்கே நேரம் செலவிடுங்கள். பிட் மாட்டும் பக்கத்திற்கு எதிர்முனையில், மேல் பேரிங்கை ஒட்டி, கறுப்பு நிறத்தில் ஒரு சிறு வளையம் ஆர்மேச்சர் தண்டில் ஒட்டியிருப்பதை அநேகமாகக் காண்பீர்கள். அதுதான் காந்தம். அதன் எதிரே உடலில் பதித்த ஒரு சிறு காயிலோ ஹால் உணரியோ (காந்தப்புலத்தை உணரும் மின்னணுப் பாகம்) இருக்கும். வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும், பசை விட்டுத் தண்டின் மேல் தனியே சுழன்றாலும், பலகைக்குச் சரியான எண்ணிக்கை போகாது. மோட்டார் ஓடவே இல்லை என்று எண்ணிப் பலகை சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். இயந்திரம் முழு வேகத்திற்குத் தாவும். சில பலகைகள் பாதுகாப்புக்காக மோட்டாரை நிறுத்திவிடும் அல்லது மெதுவாக மட்டுமே ஓட்டும். அறிகுறி எதுவானாலும் வேர் ஒன்றே.

ஆர்மேச்சரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வளையத்தை விரல் நகத்தால் திருகிப் பாருங்கள். சற்றும் அசையக் கூடாது. அசைந்தால், தண்டையும் வளையத்தின் உட்பக்கத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, இரு பகுதி எபாக்சிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள். வளையம் முன்பிருந்த உயரத்திலேயே அமர வேண்டும். உணரியிலிருந்து விலகினால் சைகை பலவீனமாகும். உடைந்த வளையத்தை ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம், அந்த வேகத்தில் அது சிதறிவிடும். மாற்று வளையமோ பழைய ஆர்மேச்சரோ தேடுங்கள்.

உணரி காயில் வகை என்றால் அதைச் சோதிப்பது எளிது. அதன் இரு கம்பிகளையும் பலகையிலிருந்து பிரித்து ஓம் அளவில் பாருங்கள். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. ஒரு நிலையான அளவு காட்டினால், மீட்டரை மாறுதிசை (ஏசி) மில்லிவோல்ட் நிலைக்கு மாற்றி, தண்டைக் கையால் வேகமாகச் சுழற்றுங்கள். எண் துள்ளி எழ வேண்டும். ஹால் வகைக்கு மின்சாரம் கொடுக்காமல் இந்தச் சோதனை செய்ய இயலாது. அதன் முகத்தைத் தூரிகையால் துடைத்து, கம்பிகள் அறுந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

பேரிங்கையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், அல்லது சுழற்றும்போது மணல் உரசுவதுபோல் கையில் பட்டால், மாற்ற வேண்டும். எண் அதன் மூடியிலேயே இருக்கும். ஆடும் தண்டு பிரஷ்ஷையும் துள்ளவைக்கும், உணரியின் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருக்கும்.

டயல்

டயலின் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் தூள் புகுந்தால், டயலைத் திருப்பும்போது வேகம் ஓரிடத்தில் தாவும் அல்லது ஒரு பகுதியில் மட்டும் கட்டுப்படும். நடு முனையிலும் ஓரத்து முனை ஒன்றிலும் மீட்டரை வைத்து மெல்லத் திருப்புங்கள். அளவு சீராக ஏற வேண்டும். முள் மீட்டர் கையில் இருந்தால் இதற்கு அதுவே மேல். தாவல் உடனே கண்ணுக்குத் தெரியும். கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, இருபது முப்பது முறை முழுதாகத் திருப்பி, நன்றாக உலர்ந்த பிறகு மீண்டும் அளவிடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. எண்ணெய்ப் படலம் தூளை மேலும் பிடித்து வைக்கும். தடம் தேய்ந்துபோயிருந்தால் அதே ஓம் மதிப்பில் புதியது போடுங்கள். அச்சு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். உலோக அச்சுள்ள சாதாரண வகையைப் போட்டால், நீங்கள் விரலால் தொடும் டயலுக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே இருந்த காப்பு போய்விடும்.

டிரையாக்கும் பலகையும்

இதுவரை எல்லாம் சரி என்றால் பலகைக்கு வரலாம். எப்போதும் முழு வேகத்தில் ஓடி, டயலுக்குச் சற்றும் அசையாத இயந்திரத்தில், உணரியும் நன்றாக இருந்தால், டிரையாக் ஷார்ட் ஆகியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பலகையின் கம்பிகளைப் பிரித்து, ஹீட் சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) திருகிய மூன்று கால் பாகத்தைக் காணுங்கள்; அதுதான் டிரையாக். முதன்மைக் கால்கள் இரண்டுக்கும் இடையே மீட்டர் மிக அதிகமான ஓம் காட்ட வேண்டும். சில ஓம் மட்டும் காட்டினால் அது ஷார்ட். முதல் முதன்மைக் காலுக்கும் (எம்டி1) டிரையாக்கைத் திறக்கும் சைகை வரும் கேட் காலுக்கும் இடையே சில பத்து முதல் சில நூறு ஓம் வரை இருப்பது இயல்பு. டிரையாக் நலமாக உள்ள ரவுட்டரில், சுவிட்சைப் போட்டுக்கொண்டு பிளக் முனைகளில் அளந்தால் தொடர்ச்சி தெரியாது. அதைக் கண்டு மோட்டார் எரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மோட்டாரைத் தனியே, ஃபீல்டு காயில்களின் முனைகளில் அளக்க வேண்டும். இரு காயில்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுவது நலமான அறிகுறி.

டிரையாக்கை மாற்றும்போது எழுத்துகளைக் கவனியுங்கள். பிடிஏ16-600 போன்ற பிடிஏ வரிசையில் உலோக முதுகு உள்ளே காப்பிடப்பட்டிருக்கும். பிடிபி வரிசையிலும் பிடி139 வகையிலும் அப்படி இல்லை. பிடிஏ இருந்த இடத்தில் மற்றதைப் போட்டால் ஹீட் சிங்க் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும், அந்த ஹீட் சிங்க் உடலின் உலோகத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1,800 வாட் ரவுட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. எனவே பழையதைவிடக் குறைந்த ஆம்பியர் மதிப்பு வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து கேட்டுக்குத் தேவையான மின்னோட்டத்தைக் குறிக்கிறது. அதுவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் இவை எளிதாகக் கிடைக்கும். புதியதின் முதுகில் வெப்பப் பசையை மெல்லிய படலமாகத் தடவித் திருகுங்கள்.

கிளம்பாமல் தயங்குகிற, அல்லது சூடான பிறகு ஏறி இறங்குகிற பலகைகளில் சிறு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். ஆண்டுக்கணக்கில் மோட்டாரின் வெப்பத்தில் இருந்து அது வற்றிப்போகும். அதே மைக்ரோபாரட், அதே அல்லது சற்றே கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையில் ஒன்றைத் துருவம் மாறாமல் போடுங்கள். பலகையில் பெரிதாகத் தெரியும் மின்தடையின் நிறம் கருகியிருந்தால் அதையும் ஒரு காலைப் பிரித்து அளவிடுங்கள். அதிர்வினால் சால்டர் பற்றிய இடங்களில் வளையம்போல் விரிசல் விட்டிருப்பதும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து மீண்டும் சால்டர் செய்யலாம்.

பல பலகைகள் முழுவதுமாக எபாக்சியில் புதைக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சுரண்டித் திறக்க முயல வேண்டாம். பாகங்களும் சேர்ந்தே பெயரும். அதே மாடலுக்கான மாற்றுப் பலகையோ, உடல் உடைந்து ஒதுக்கப்பட்ட இயந்திரத்தின் பலகையோதான் வழி. சில பழைய மாடல்கள் பெயரும் நிறமும் மாறித் தொடர்ந்து விற்கப்பட்டன. எல்யூ நிறுவனத்தின் எம்ஓஎஃப் 177 பின்னாளில் டீவால்ட் டிடபிள்யூ625 என்று வந்தது போல. பாகப் பட்டியலை ஒப்பிட்டு, எண்ணும் வடிவமும் பொருந்துகின்றனவா என்று உறுதி செய்த பிறகே வாங்குங்கள்.

எதுவும் கிடைக்காதபோது வெளியில் வைக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சிலர் நாடுகிறார்கள். போதிய ஆம்பியர் தாங்கும் பெட்டியாக இருந்தால் அது வேலை செய்யும். ஆனால் மெல்லக் கிளம்புவதும் நிலைவேகமும் இனி இருக்காது, குறைந்த வேகத்தில் இழுவிசையும் குறையும். அதைவிட முக்கியமாக, பெட்டியின் கட்டுப்பாட்டை முழு அளவில் வைத்தால் மோட்டார் எவ்வளவு வேகம் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். தண்டின் மேல் ஒளிரும் பட்டை ஒட்டி, தொடாமல் அளக்கும் டேகோமீட்டரால் (சுழல்வேகமானி), பிட்டும் கோலெட்டும் இல்லாமல், வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள். பெயர்ப்பலகையில் உள்ள சுமையற்ற வேகத்தைத் தாண்டுமானால், பெட்டியை அந்த அளவுக்கு மேல் போகாதபடி உள்ளேயே எல்லையிட்டால் ஒழிய அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. உள் பலகை நன்றாக இருக்கும் ரவுட்டரை இத்தகைய பெட்டியில் செருகவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று குழப்பிக் கெட்டுப்போகும்.

மூடுதலும் ஓட்டிப் பார்த்தலும்

கம்பிகளை எடுத்த படத்தின்படி அதனதன் பள்ளத்தில் படியவையுங்கள். ஆர்மேச்சரைப் பொருத்திய பிறகே பிரஷ்களை இறக்குங்கள். திருகுகளை முடுக்கியதும் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள்; எதுவும் உரசக் கூடாது. பின்பு காப்புச் சோதனை: சுவிட்சைப் போட்ட நிலையில் பிளக்கின் இரு மின்முனைகளையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் உடலின் உலோகப் பாகத்திற்கும் இடையே 500 வோல்ட் மெகரால் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) அளந்தால் 2 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். மெகர் இல்லாதவர்கள் அருகிலுள்ள மோட்டார் ரீவைண்டிங் கடையில் அளந்து தரச் சொல்லலாம். மூன்று முள் பிளக் உள்ள உலோக உடல் இயந்திரம் என்றால், எர்த் முள்ளுக்கும் உடலுக்கும் இடையே 1 ஓமுக்கும் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் மின்சாரத்தை 200 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக் கொடுங்கள். பெரிய மோட்டார் மெல்லத் திரும்பும், அல்லது முனகிக்கொண்டு நிற்கும். பல்பும் நன்றாகவே எரியும். பல்பு எரிவதை மட்டும் வைத்து ஷார்ட் என்று முடிவு செய்ய வேண்டாம். எங்கேனும் தவறான இணைப்பு இருந்தால் புது டிரையாக்கும் எம்சிபியும் பலியாகாமல் மின்னோட்டத்தை ஒரு ஆம்பியருக்குள் அடக்கி வைப்பதே அதன் வேலை. புகையும் வாடையும் இல்லை என்றால் பல்பை நீக்கிவிட்டு, இயந்திரத்தை மேசையோடு இறுக்கி, டயலை மிகக் குறைந்த எண்ணில் வைத்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். புது பிரஷ்கள் படியும் வரை சிறு நீலப் பொறிகள் இருப்பது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தால் உடனே நிறுத்தி, பிரஷ்ஷையும் ஆர்மேச்சரையும் மறுபடி பாருங்கள்.

பின்பு டயலை ஒவ்வோர் எண்ணாக ஏற்றி, டேகோமீட்டர் இருந்தால் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக 12 மி.மீ. நேர் பிட் மாட்டி, ஒரு மென்மரப் பலகையில் 6 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் இழுத்து, ஓசையைக் கேளுங்கள். நிலைவேக இயந்திரம் மரத்தில் இறங்கியதும் ஒரு கணம் தாழ்ந்து உடனே மீள வேண்டும். தாழ்ந்த இடத்திலேயே நின்றால் உணரியின் இடைவெளியை மீண்டும் சரிபாருங்கள். பெரிய பிட் எதையும் இந்தச் சோதனையில் தேறிய பிறகே மாட்டுங்கள். டயல் எண்களுக்கு எதிரே நீங்கள் அளந்த வேகங்களைச் சிறு தாளில் எழுதி இயந்திரத்தின் பெட்டிக்குள் ஒட்டி வைத்தால், எந்தப் பிட்டுக்கு எந்த எண் என்று ஊகிக்க வேண்டியிருக்காது.